ஒத்திகைக் குடித்தனம்

சென்னை வீட்டு உரிமையாளர்கள் ‘இல்லை’ என்று சொல்வதில்லை. ‘யோசிச்சு சொல்றேன்’ என்பார்கள். அப்படிச் சொன்னவர்களில் யாரும் பிறகு யோசித்ததாகத் தகவல் இல்லை.

எழிலனும் மஞ்சரியும் இதைப் பங்குனியிலிருந்து கேட்டு வருகிறார்கள். மடிப்பாக்கத்தில் யோசித்தார்கள். ஆதம்பாக்கத்தில் யோசித்தார்கள். கீழ்க்கட்டளையில் ஒருவர், இவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் யோசித்து முடித்துவிட்டார். வேளச்சேரியில் ஓர் அம்மாள், “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்டார். “நல்ல ஆளுங்கம்மா” என்றான் எழிலன். அதற்குமேல் அங்கே யோசிப்பதற்குக்கூட ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது குடியிருக்கும் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். உரிமையாளரின் மகன் கலிபோர்னியாவிலிருந்து திரும்பி வருகிறான். காலி செய்யச் சொல்லும் எல்லா உரிமையாளர்களுக்கும் கலிபோர்னியாவில் ஒரு மகன் இருக்கிறான். அவன் எப்போதும் திரும்பி வந்துகொண்டே இருக்கிறான். அவனைப் பார்த்தவர்கள் கிடையாது.

ஆனிக்கு மேல் இருக்கக் கூடாது என்றார் உரிமையாளர். ஆடியில் வீடு மாறக் கூடாது என்றது காலண்டர். ஆவணி என்றால் மஞ்சரிக்கு ஒன்பதாவது மாதம், அப்போது மாறவே கூடாது என்றார் அவள் அம்மா. இந்த மூன்று தரப்பும் தங்களுக்குள் கலந்து பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேசவில்லை. ஆனி முடிய இன்னும் கொஞ்ச நாட்களே இருந்தன.

அந்த நிலையில்தான் புரோக்கர் தேசிங்கு அவர்களை நங்கநல்லூருக்குக் கூட்டிப்போனார்.

வீடு இரண்டாவது மாடி. படிக்கட்டு முழுக்க வரிசை. ஒருவர் இரக்கத்துக்காகத் தன் மாமியாரை அழைத்து வந்திருந்தார். இன்னொருவர் தான் வக்கீல் இல்லை என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வரிசை நகர்ந்து உள்ளே போனதும் மஞ்சரி நேராகச் சமையலறைக்குப் போனாள். ஜன்னல் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே இன்னொரு வீட்டின் சுவருக்குப் பதிலாக வானம் இருந்தது. படுக்கையறையை ஒட்டி ஒரு சின்ன அறை. அதன் நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்தாள். விரல்கள் இரண்டு பக்கச் சுவர்களையும் கிட்டத்தட்டத் தொட்டன.

“தொட்டில் போடலாம்” என்றாள்.

“வேற எதுவும் போட முடியாது.”

“வேற எதுக்குப் போடணும்?”

எழிலனுக்குப் பயம் வந்தது. அவளுக்கு ஒரு வீடு இவ்வளவு பிடித்துப்போனது இதுதான் முதல் தடவை.

உரிமையாளர் வைத்தியலிங்கம் கீழ்த்தளத்தில் இருந்தார். தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை அவர் கண்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

“எத்தனை பேரு?”

“ரெண்டு பேர் சார்.”

அவர் மஞ்சரியின் வயிற்றைப் பார்த்தார். “ரெண்டரை” என்றார். “அசைவம்?”

“வெளிலதான் சார், எப்பவாவது.”

“பாக்கறதுக்கு எல்லாரும் நல்லவங்களாத்தான் இருக்காங்க. உள்ள வந்தப்புறம்தானே ஆணி அடிக்கறாங்க. தேசிங்கு, இவங்களையும் ஒத்திகைக்கு அனுப்பிரு.”

ஒத்திகை என்றால் என்னவென்று தேசிங்கு டீக்கடையில் விளக்கினார்.

“உங்க ரெண்டு பேரையும் ஒரு காப்பி எடுப்பாங்க சார். ஜெராக்ஸ் மாதிரி வெச்சுக்கங்களேன். அந்த ஜெராக்ஸை, இந்த வீட்டோட ஜெராக்ஸ்ல குடி வெப்பாங்க. எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளதான். நாம மத்தியானம் சாப்ட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்திரிக்கறதுக்குள்ள அவங்க மூணு வருஷம் வாழ்ந்து முடிச்சிருவாங்க. என்னென்ன பண்ணாங்கன்னு ஓனர் பாப்பாரு. பிடிச்சா சாவி உங்களுக்கு.”

“அவங்களுக்குத் தெரியுமா?” என்றாள் மஞ்சரி.

“எவங்களுக்கு?”

“ஜெராக்ஸுக்கு.”

“தெரியாதும்மா. தெரிஞ்சா ஒழுங்கா நடந்துப்பாங்கல்ல?”

“மூணு வருஷம் முடிஞ்சப்புறம்?”

“அழிச்சிருவாங்க.” தேசிங்கு டீயை ஊதினார். “வலிக்காதாம்.”

“யாரு சொன்னாங்க?”

“வலிக்கும்னு யாரும் வந்து சொல்லலையேம்மா.”

இதில் ஒரு நுணுக்கம் இருந்தது. தேசிங்கு அதைப் பெருமையோடு சொன்னார். ஒத்திகை இயந்திரத்தைச் செய்தவன் வெளிநாட்டுக்காரன். உங்கள் ஊரில் எப்போது ஒரு குடும்பம் குடியேறியதாக அர்த்தம், கையெழுத்துப் போட்ட போதா, சாவி வாங்கிய போதா என்று கேட்டானாம். நம்மவர்கள், பால் பொங்கிய போது என்று சொல்லிவிட்டார்கள். அவனும் அதை அப்படியே எழுதிக்கொண்டு, சமையலறையில் ஒரு சென்சார் வைத்துவிட்டான். பால் பொங்கினால் குடித்தனம் தொடங்கியதாகப் பதிவாகும். வாடகை ஒப்பந்தம் ஓட ஆரம்பிக்கும்.

“அப்ப ஒத்திகைல பால் காய்ச்சினா?” என்றான் எழிலன்.

“அங்க எங்க சார் காய்ச்சறது? குடி வந்து மூணு நாள் ஆன மாதிரி நினைப்பு வெச்சுத்தான் உள்ளயே அனுப்புவாங்க. பால் காய்ச்சி, சாமான் ஏத்தி, பீரோ வாசல்ல இடிச்சு, அதெல்லாம் முடிஞ்ச மாதிரி. எல்லாத்தையும் யோசிச்சிருக்கான் சார் வெள்ளைக்காரன்.”

மஞ்சரிக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டைப் பூட்டியபின் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனைக்குப் போனதும் “கேஸை அணைச்சோமா?” என்பாள். “அணைச்சாச்சு” என்பான் எழிலன். “நீ பாத்தியா?” என்பாள். அவன் பார்த்திருக்க மாட்டான். திரும்பி வருவார்கள். கல்யாணமான இத்தனை வருடங்களில் அந்த அடுப்பு ஒரு முறைகூட எரிந்துகொண்டிருந்ததில்லை. இந்தச் சாதனை மஞ்சரியைச் சிறிதும் பாதிக்கவில்லை.

ஒத்திகைக்குப் போன அன்றும் திரும்பி வந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

மாவு மில்லுக்கும் மொபைல் ரிப்பேர் கடைக்கும் நடுவில் அந்த நிலையம் இருந்தது. தலையில் ஒரு தொப்பியை மாட்டினார்கள். இருவருடைய போனையும் வாங்கி, எல்லாச் செய்திகளையும் இயந்திரத்துக்குப் படிக்கக் கொடுத்தார்கள். அங்கிருந்த பெண் இருவரிடமும் விதவிதமாகக் கேள்வி கேட்டாள். கோபம் வந்தால் எதை எறிவீர்கள், மாமியார் வந்தால் எத்தனை நாள் தங்குவார், குழம்பில் உப்புக் கூடினால் வாயைத் திறப்பீர்களா.

“பொய் சொல்லிடாதீங்க சார். நீங்க பொய் சொன்னா ஜெராக்ஸும் பொய் சொல்லும். அப்புறம் ஓனர் எங்களைத்தான் திட்டுவாரு.”

இருவரும் முடிந்தவரை உண்மை சொன்னார்கள். அதுதான் பிசகாகிவிட்டது.

மறுநாள் மாலை வைத்தியலிங்கம் அவர்களைத் தன் கூடத்தில் உட்கார வைத்து டிவியைப் போட்டார். தேசிங்கு ஓரமாக நின்றார். யார் முகத்தையும் பார்க்காமல் தன் போனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நாலாவது மாசம், நெத்திலிக் கருவாடு” என்றார் வைத்தியலிங்கம். “வெளிலதான்னு சொன்னீங்க.”

“நான் வறுக்கல சார். அது அவன்.”

“அவரு யாரு?”

எழிலன் விளக்க ஆரம்பிப்பதற்குள் வைத்தியலிங்கம் அடுத்ததைப் போட்டார்.

“ரெண்டாவது வருஷம் ஒரு ஆணி. சரி, காலண்டர் மாட்ட. போகட்டும். இதப் பாருங்க, மூணாவது வருஷம்.”

திரையில் அதே வீட்டின் கூடம். சுவரில் இடுப்புக்குக் கீழே, சிவப்புக் கிரேயானால் ஒரு வட்டம், வட்டத்துக்குக் கீழே நாலு கோடு, பின்னால் ஒரு வால். பக்கத்தில் இரட்டைக் குடுமி போட்ட ஒரு குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

“என்னது இது, மாடா?”

“நாய்” என்றாள் மஞ்சரி. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

“‘ஏய் நறுமுகை’ன்னு அந்தம்மா கத்தறாங்க. அதாவது நீங்க. ஆனா குழந்தை நிறுத்தல. வாலைப் போட்டுட்டுத்தான் நிறுத்துது.”

எழிலன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். “நறுமுகையா?”

“உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“பொண்ணா?”

வயிற்றிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம். ஆனால் அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மனதில் வீட்டு உரிமையாளர்கள் இருக்கவில்லை.

“அது கம்ப்யூட்டரே குத்துமதிப்பாப் போடறது சார்” என்றார் தேசிங்கு. “உங்களுக்குப் பையனாக்கூடப் பொறக்கலாம். இந்தக் குழந்தை இந்தக் குழந்தைதான். அங்க மட்டும்தான்.”

மஞ்சரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை திரும்பும் என்று எதிர்பார்த்தாள். வைத்தியலிங்கம் அந்த இடத்தில் நிறுத்திவைத்திருந்ததால் அது திரும்பவில்லை.

“சார், பெயின்ட் அடிச்சுக் குடுத்துடறோம்” என்றான் எழிலன். “வேணும்னா கிரேயான் வாங்கவே மாட்டோம். இன்னும் பொறக்காத குழந்தை கிறுக்கினதுக்கெல்லாம் வீடு இல்லன்னு சொன்னா எப்படி சார்?”

“நான் எப்ப இல்லன்னு சொன்னேன்? உங்களுக்குத்தான் குடுத்திருக்கேன்.”

மஞ்சரி அழ ஆரம்பித்தாள். எழிலன் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அப்போதுதான் தேசிங்கு இருமினார்.

“சார் சொல்றது, உங்களுக்குன்னா, அவங்களுக்கு.”

“எவங்களுக்கு?”

“ஜெராக்ஸுக்கு.”

நடந்தது இதுதான். ஒத்திகையில் முதல் நாள் காலை. அதாவது குடிவந்து மூன்று நாள் ஆனதாக நினைத்துக்கொண்டு உள்ளே கண்விழித்த காலை. அந்த மஞ்சரி எழுந்து உட்கார்ந்து, “நாம பால் காய்ச்சினோமா?” என்று கேட்டிருக்கிறாள். அந்த எழிலன் போர்வைக்குள்ளிருந்து, “காய்ச்சினோம்” என்றிருக்கிறான்.

“‘நீ பாத்தியா?’ன்னு கேட்டிருக்காங்க சார்” என்றார் தேசிங்கு.

எழிலன் கண்ணை மூடிக்கொண்டான்.

“காய்ச்சின மாதிரி நினைப்பு மட்டும்தான் இருக்கு. காய்ச்சின நினைப்பு இல்ல. இதுவரைக்கும் போன ஒரு ஜோடிகூட இதைக் கண்டுக்கல. இவங்க, எதுக்கும் இருக்கட்டும்னு அரை லிட்டர் வாங்கிட்டு வந்து அடுப்புல வெச்சிட்டாங்க. அருமையாப் பொங்கிருக்கு. வீட்டோட ஜெராக்ஸ்னா சென்சாரும் சேர்த்துத்தானே? அடிச்சிருச்சு. குடித்தனம்னு பதிவாயிருச்சு. மூணு வருஷம் முடிஞ்சு அழிக்கப் போனா சிஸ்டம் முடியாதுங்குது. குடியிருக்கறவங்களை நோட்டீஸ் இல்லாம எடுக்கக் கூடாதாம். இப்ப அவங்க நேரமும் நம்ம நேரம் மாதிரியே ஓடுது.”

“அவங்களுக்கு இது தெரியுமா?” என்றாள் மஞ்சரி. அழுகை நின்றிருந்தது.

“சொல்லியாச்சும்மா. குடித்தனக்காரங்கன்னு ஆனப்புறம் மறைக்கக் கூடாது. நீங்க நெஜம் இல்ல, ஜெராக்ஸ்னு நானே போன்ல சொன்னேன். ரொம்ப அழுதாங்க. அப்புறம் வாடகை ஏறுமான்னு கேட்டாங்க.”

“வாடகை எங்கேர்ந்து குடுப்பான்?” என்றான் எழிலன்.

“உங்க ஆபீஸ்லயே சேர்ந்துட்டாரு சார். பாதி சம்பளத்துக்கு.”

“என் மேனேஜர் என்கிட்ட சொல்லவே இல்லையே.”



வைத்தியலிங்கத்தின் முகத்தில் ஒரு சாந்தம் இருந்தது. “தண்ணி லாரி கேக்க மாட்டாங்க. வண்டி நிறுத்த இடம் கேக்க மாட்டாங்க. கருவாடு வறுத்தா வறுத்துட்டுப் போகட்டும், எனக்கு வாசனை வரப்போறதில்ல. குழந்தை கிறுக்குதா, கிறுக்கட்டுமே. என் சுவர் அப்படியே இருக்கு. இந்த மாதிரி ஒரு ஃபேமிலிக்காகத்தான் சார் நான் இவ்வளவு வருஷமாக் காத்திட்டிருந்தேன்.”

“அப்ப மேல வீடு காலியாத்தானே இருக்கு?”

“காலியா எங்க இருக்கு? அதான் ஆள் இருக்காங்களே. வேற யாரையும் நான் விட முடியாது. அவங்களாப் பாத்து உள்வாடகைக்கு விட்டா விடலாம்.” கொஞ்சம் யோசித்தார். இந்த முறை உண்மையிலேயே யோசித்த மாதிரி இருந்தது. “எனக்கு ஆட்சேபணை இல்ல. ரெண்டு வாடகை வரும்.”

மாடி ஏறும்போது எழிலன் தெம்பாக இருந்தான். “நம்மகிட்டதானே கேக்கப் போறோம்? வேற யாருகிட்டயும் இல்லையே.”

“அதான் எனக்குப் பயமா இருக்கு” என்றாள் மஞ்சரி.

தேசிங்கு வீட்டைத் திறந்துவிட்டார். வெறும் கூடம். வாசல் பக்கச் சுவரில் ஒரு சின்ன ஸ்பீக்கர். உரிமையாளர் குடித்தனக்காரர்களோடு பேசுவதற்காக வைத்தது. தேசிங்கு பொத்தானை அமுக்கினார். உள்ளே எங்கோ மணி அடித்தது. இந்த வீட்டுக்குள் எதுவும் அடிக்கவில்லை.

“ஹலோ, யாரு?”

எழிலனின் குரல்தான். மூன்று வருடத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது.

“நான்தான். எழிலன்.”

“சொல்லுங்க.”

அந்த ‘சொல்லுங்க’விலேயே எழிலனுக்குப் பாதி தெரிந்துவிட்டது. அவனும் பிடிக்காதவர்களிடம் அப்படித்தான் மரியாதையாகப் பேசுவான்.

“வீடு விஷயமாப் பேசலாம்னு. ஒரு ரூம் இருந்தாக்கூடப் போதும். சின்ன ரூம்.”

“அது பாப்பா ரூம்.”

“நீங்க அங்க இருக்கீங்க, நாங்க இங்க இருக்கப் போறோம். நாங்க இருக்கறதே உங்களுக்குத் தெரியாது. ஒரு தொந்தரவும் இருக்காது.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. எத்தனை பேரு?”

“ரெண்டு பேர்.”

“ரெண்டரை” என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. “அவளுக்கு இப்ப ஏழாவது மாசம் இருக்கும்.”

மஞ்சரி சுவருக்குப் பக்கத்தில் போனாள். “நல்லாப் பொறந்துச்சா?” என்று கேட்டாள்.

“ஆபரேஷன்தான்” என்றது குரல். “ஆனா நல்லா இருக்கா. சாப்பிடத்தான் படுத்துவா. நீ முதுகு வலிக்கு ஒரு தலையணை வெச்சுப் படு. நான் வெக்காம ரொம்பக் கஷ்டப்பட்டேன்.”

“சரி.”

“பாருங்க சார்” என்றான் உள்ளே இருந்த எழிலன். “விடக் கூடாதுன்னு இல்ல. ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே குடித்தனம்தான் பதிவுல நிக்கும்னு தேசிங்கு சொன்னாரு. அந்த அடுப்புல நீங்க பால் பொங்க வெச்சா இது உங்க குடித்தனம் ஆயிரும். உங்களுக்கு இது இல்லன்னா வேற வீடு. எங்களுக்கு?”

“நாங்க பால் காய்ச்ச மாட்டோம்.”

“அவ காய்ச்சுவா” என்றான் அவன்.

இரண்டு மஞ்சரிகளும் அதை மறுக்கவில்லை.

தூரத்திலிருந்து ஓடி வரும் காலடிச் சத்தம் கேட்டது. “யாரும்மா அது?” என்றது ஒரு சின்னக் குரல்.

“யாரோ வீடு பாக்க வந்திருக்காங்க. நீ போய்ச் சாப்பிடு.”

பிறகு உள்ளே இருந்த எழிலன் சொன்னான். “யோசிச்சு சொல்றோம்.”

ஸ்பீக்கர் அணைந்தது.

தேசிங்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு பொதுவாக, யாரிடமும் சொல்லாத மாதிரி, “கீழ கடைல பால் இருக்கு” என்றார். “ஒரு தடவ பொங்கினாப் போதும். பழைய பதிவு தானாப் போயிரும். ஓனர் கத்துவாரு, ஆனா ஒண்ணும் பண்ண முடியாது. ஆனி முடியப் போகுது, அப்புறம் உங்க இஷ்டம்.”

எழிலன் மனைவியைப் பார்க்காமல் கீழே இறங்கிப் போனான்.

அரை லிட்டர் பாக்கெட், ஒரு லைட்டர், ஒரு சின்னப் பாத்திரம். கடைக்காரர் “புது வீடா சார்?” என்று கேட்டு, மரியாதையாக ஒரு பொட்டலம் சர்க்கரையும் கொடுத்தார். எழிலன் மேலே வந்து எல்லாவற்றையும், சென்சாருக்காகவே உரிமையாளர் விட்டுவைத்திருந்த கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தான். ‘பொறக்காத குழந்தை’ என்று கீழே தான் வாதாடியது ஞாபகம் வந்தது. அதை இப்போது நினைக்க வேண்டாம் என்று முடிவு செய்தான்.

மஞ்சரி கூடத்தில் குனிந்து நின்றிருந்தாள். ஏழு மாத வயிற்றோடு குனிவது கஷ்டம். இடுப்புக்குக் கீழே, வெள்ளைச் சுவரில் எதுவும் இல்லாத ஓர் இடத்தில் கையை வைத்திருந்தாள்.

“மஞ்சு. பாத்திரத்தை வெக்கவா?”

அவள் நிமிர்ந்தாள். சின்ன அறையை ஒரு முறை எட்டிப் பார்த்தாள். தன் வயிற்றைப் பார்த்தாள். பிறகு வந்து பால் பாக்கெட்டை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“வீட்டுக்குப் போய் உறை ஊத்திக்கலாம். கேஸை அணைச்சுட்டு வா.”

“நான் இன்னும் பத்தவே வெக்கல.”

“நீ பாத்தியா?”

அவன் போய்ப் பார்த்தான். அணைந்துதான் இருந்தது.

தேசிங்கு வீட்டைப் பூட்டினார். கூடுவாஞ்சேரிக்கு அப்பால் ஒரு வீடு இருப்பதாகவும், அங்கே ஒத்திகை கிடையாது, தண்ணீரும் கிடையாது என்றும் சொல்லிக்கொண்டே இறங்கினார். மஞ்சரி பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தாள்.

தெருமுனையில் அவள் நின்றுவிட்டாள்.

“கேஸா?” என்றான் எழிலன்.

“இல்ல. பூட்டு.”

“மூணு தடவ இழுத்தியே. நானே பாத்தேன்.” முதல் முறையாக அவன் உண்மையிலேயே பார்த்திருந்தான்.

“உள்ள குழந்தை இருக்கு, எழில்” என்றாள் மஞ்சரி.

திரும்பி நடந்தார்கள்.